கீரைக்கு ஊற்றிய கேன் தண்ணீர்

நான் ஆறாம் வகுப்பு படித்த வருஷம் எங்கள் வீட்டுக்கு ஆரோக்கியப் பைத்தியம் பிடித்தது. முதலில் பிடித்தது அப்பாவுக்கு. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை பார்த்தவர், போனில் எதையோ பார்த்துவிட்டு வந்து, கடையில் விற்பதெல்லாம் மருந்தடித்த காய், திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் பொரித்த பண்டம், இனி எல்லாம் வீட்டில்தான் என்று அறிவித்தார். சாயங்கால பஃப்ஸ் போச்சே என்று எனக்கு அழுகையே வந்தது. மிச்சமாகும் காசில் உனக்கு சைக்கிள் என்று அடுத்து சொன்னார் பாருங்கள், அந்த நிமிடமே நானும் கட்சி மாறிவிட்டேன்.

அதன் பிறகு வீடே திருவிழாதான். அம்மாவும் அதே கம்பெனியில் தையல் மெஷினில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் லீவு. அன்று வேர்க்கடலை வறுப்பாள், கேழ்வரகு மாவு பிசைவாள், நான் உருண்டை பிடிப்பேன். கடைக்குப் போகாத ஒவ்வொரு நாளும் பிஸ்கட் டப்பாவில் காசு விழும். நான் தினமும் அதைக் குலுக்கிப் பார்ப்பேன். சத்தம் குறையக் குறைய எனக்குச் சந்தோஷம், டப்பா நிறைகிறதே.

மொட்டைமாடியில் உடைந்த பக்கெட்டுகளில் சிறுகீரை விதைத்தோம். மாட்டுச்சாணம் போட்டோம். தண்ணீர்தான் வம்பு. எங்கள் பக்கம் போர் தண்ணீர் ஒரே உப்பு. துணி துவைக்க, குளிக்க மட்டும்தான். குடிக்க, சமைக்க கேன் வாங்குவோம், ஒரு கேன் மூன்று நாளுக்கு. அப்பா போர் தண்ணீரையே கீரைக்கு ஊற்றினார்.

"செடிக்கு இன்னா ருசி தெரியப் போவுது?" என்றார்.

தெரிந்தது. இலை ஓரமெல்லாம் கருகி, மண்மேல் வெள்ளையாகப் பூத்துவிட்டது. கீரை போனால் காய்க்கடைக்குப் போக வேண்டும், கடைக்குப் போனால் சைக்கிள் போச்சு. கேன் தண்ணீர் கேட்கலாமென்றால், அப்பா முன்பே சொல்லிவிட்டார்: "கேன் ஒண்ணு ஜாஸ்தியானாலும் டப்பா காசுதான்."

ஆகவே திருடினேன். இரண்டாவது முறை விதைத்ததும், பள்ளிக்கூடம் விட்டு வந்தவுடன், யாரும் வருவதற்குள், கேனிலிருந்து இரண்டு சொம்பு பிடித்து மாடிக்கு ஓடுவேன். நாலே நாளில் கீரை தலை தூக்கியது. இருபது நாளில் தளதளவென்று நின்றது. எனக்குக் கால் தரையில் படவில்லை. அப்பா தெருவில் எல்லோரையும் மாடிக்கு இழுத்து வந்து, மருந்தே இல்லை, கைப்பட வளர்த்தது என்று பெருமை அடித்தார். அம்மா கடைந்த கீரையை அவர் மூன்று தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இதில் பெரிய அதிசயம், கேன் தண்ணீர் குறையவே இல்லை. நான் தினம் எடுத்தும் அது மூன்று நாள் வந்தது. கடவுளே என் பக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் காலை, அம்மா கம்பெனிக்குக் கட்டி வைத்திருந்த பையிலிருந்து பாட்டிலை எடுத்து அவசரமாக ஒரு வாய் குடித்தேன். துப்பிவிட்டேன்.

"இன்னாம்மா, உன் தண்ணி உப்பு கரிக்குது?"

அவள் பாட்டிலை வாங்கி மூடினாள். "கம்பெனி தண்ணி அப்டித்தான் இருக்கும். நீ கேன்ல குடி" என்றாள். அப்புறம், கம்பெனி வேனுக்குக் கிளம்பும்போது, மாடிப்படியில் தண்ணீர் சிந்தினால் துடைத்துவிடு, வழுக்கும் என்றாள். சரி என்று தலையாட்டினேன். படி ஈரமாக இருந்தது அவளுக்கு எப்படித் தெரியும் என்றுகூட நான் யோசிக்கவில்லை.

அந்தத் தீபாவளிக்கு முன்பே சைக்கிள் வந்துவிட்டது. சிவப்பு நிறம். முதல் நாள் தெருவை எட்டு சுற்று சுற்றினேன், மணியை விடாமல் அடித்தபடி. வாசலில் நின்று அம்மா சிரித்துக்கொண்டே இருந்தாள், கையில் அதே பாட்டிலோடு. நான் தண்ணீரைத் துப்பிய அந்தக் காலையில் அவள் பை முந்தின நாள் கொண்டுவந்த பை அல்ல, அன்றைக்குப் புதிதாகக் கட்டியது, அவள் கம்பெனிக்கு இன்னும் போகவே இல்லை, பாட்டிலில் இருந்தது எங்கள் வீட்டுப் போர் தண்ணீர் என்பது எனக்கு உறைக்க வெகு வருஷங்கள் ஆயின.