மடங்கின விரலுக்கு ஒரு கைப்பிடி

என் தம்பியைப் புகழ்ந்து எழுதுவது சுலபமில்லை. அந்த வேலையை அவனே செய்துவிடுவான். வளைகுடாவில் அடுக்குமாடிக் கட்டடங்களில் பிளம்பிங் பார்க்கிறவன். லீவில் ஊருக்கு வந்தால் யார் வீட்டுக் குழாயையும் சும்மா தாண்டிப் போகமாட்டான். இதெல்லாம் ஒரு ஃபிட்டிங்கா என்று உதட்டைப் பிதுக்குவான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன தடவை அவன் வந்தபோது அம்மா திருமயத்துக்குப் பக்கத்தில் என் வீட்டில் இருந்தாள். மூட்டுவாதத்தில் இரண்டு கை விரல்களும் மடங்கிப்போயிருந்தன. சொம்பைப் பிடித்து ஊற்ற முடியாது. ஷவருக்கு அடியில் ஸ்டூல் போட்டுத்தான் குளியல். அந்த ஷவரின் உருண்டைக் கைப்பிடியையும் அவளால் திருக முடியவில்லை. திறக்க, சோப்புப் போடும்போது மூட, மறுபடி திறக்க என்று நான் கூடவே நிற்க வேண்டும். பெற்ற மகள்தானே, என்ன வெட்கம் என்று நினைத்தேன். அம்மாவோ சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்வாள். அப்புறம், இன்றைக்குக் குளிக்கவில்லை, உடம்பு கசகசக்கவில்லை என்று சாக்குச் சொல்ல ஆரம்பித்தாள். தனியாகக் குளிக்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

உள்ளூர் பிளம்பர் பார்த்துவிட்டு, சுவரை உடைத்து வால்வையே மாற்ற வேண்டும் என்றார். அந்த டைல்ஸ் இப்போது எங்கேயும் கிடைக்காது. தம்பி உருண்டைக் கைப்பிடியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தான்.

"ஒடைக்கவே வேணாம்க்கா. சொவத்துக்குள்ள இருக்குற பித்தளை வால்வு நம்ம காலத்தையும் தாண்டி இருக்கும்."

புதுக்கோட்டைக்குப் போய் கால்வாசிச் சுற்றிலேயே திறக்கிற ஸ்பிண்டிலும், அதாவது வால்வுக்குள் சுழலும் தண்டும், நீளமான கைப்பிடியும் வாங்கி வந்தான். ஸ்பிண்டில் பழைய வால்வுக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால் அதன் பற்களும் கைப்பிடியின் பற்களும் சேரவில்லை, நீளமும் எட்டவில்லை. இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு லேத் பட்டறைக்குப் போனான். இரண்டுக்கும் நடுவில் சேர்கிற மாதிரி விரல் நீளத்தில் ஒரு பித்தளைத் துண்டு கடைந்து வாங்கினான். மாட்டிப் பார்த்தால் நூலளவு ஆட்டம். எனக்கு அது தெரியவே இல்லை. அவனோ திரும்பவும் பஸ் ஏறினான்.

அதைச் சரிசெய்து வந்து மாட்டியதும் ஒரே விரலால் மேலே தூக்கித் திறந்து காட்டினான். பார்க்க அத்தனை அழகு. அம்மா தொட்டுக்கூடப் பார்க்காமல், "நல்லாத்தான்யா இருக்கு" என்றாள். மறுநாள் காலையில் குளியலறையிலிருந்து என்னைத்தான் கூப்பிட்டாள். தூக்கித் திறக்க அவளுக்குத் தோள் எழும்பவில்லை. மகன் மனசு நோகக் கூடாது என்று மறைத்திருக்கிறாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒன் கைக்கு நல்லாத்தான் இருக்கு. அம்மா கையப் பாத்தியா?" என்று கேட்டேன்.

அவன் குழாய் மரைக்குச் சுற்றும் வெள்ளை டேப்பை என்னிடம் நீட்டினான். இரண்டு கையையும் முஷ்டியாக மடக்கி வைத்துக்கொண்டு, விரல் அசையாதபடி சுற்றச் சொன்னான். சுற்றிவிட்டேன். கட்டிய கையோடு ஷவருக்கடியில் ஸ்டூலில் போய் உட்கார்ந்தான். தோளைத் தூக்காமல் மணிக்கட்டால், முழங்கையால், புறங்கையால் அந்தக் கைப்பிடியோடு மல்லுக்கட்டினான். சட்டையெல்லாம் நனைந்து வெளியே வந்தபோது அவனுக்கு விஷயம் பிடிபட்டிருந்தது. தூக்கத்தான் முடியாது, பக்கவாட்டில் தள்ள முடியும்.

டேப்பைப் பிரித்துவிட்டேன். கைப்பிடியை உருவி, சில பற்கள் தள்ளி, கீழே தொங்குகிற மாதிரி மாட்டினான். இடப்பக்கம் தள்ளினால் மூடும், வலப்பக்கம் தள்ளினால் தண்ணீர். என் தம்பி கெட்டிக்காரன்தான். அன்றைக்கு அவனை எனக்கு அவ்வளவு பிடித்தது.

அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நாங்கள் வெளியே நின்றோம். தண்ணீர் விழுந்தது. நின்றது. மறுபடி விழுந்தது. சின்னப் பிள்ளை மாதிரி திறந்து மூடிக்கொண்டே இருந்தாள்.

"சரியா இருக்காம்மா?" என்று கேட்டான் தம்பி.

"ரெண்டு பேரும் அங்கிட்டுப் போங்க. பொம்பள குளிக்கிற எடத்துல ஒங்களுக்கு என்ன வேலை?"