நெற்றியைச் சுற்றி ஒரு வட்டம்

கலியாண வீடுகளில் என்னோடு யாரும் அதிகம் கதைப்பதில்லை. அது எனக்கு வசதி. கமராவுக்குப் பின்னால் நிற்பவனுக்கு "ஓம்" என்ற ஒரு சொல் போதும். பதினோராம் வகுப்பு, சாதாரண தரம் வரைக்கும்தான் படித்தேன். கிளிநொச்சியில் ஒரு கடையின் மேல்மாடியில் சிறிய ஸ்ரூடியோ வைத்திருக்கிறேன். படம் பிடிப்பதும் நான்தான், பிறகு கணினியில் அதன் நிறத்தைச் சரிசெய்வதும் நான்தான்.

அந்தக் கலியாணம் ஒட்டுசுட்டானில் ஒரு கோயில் மண்டபத்தில் நடந்தது. கையளவு சினிமாக் கமரா ஒன்றை நான் வாங்கியிருந்த புதிது. பையிலிருந்து வெளியே எடுத்தபோது மாப்பிள்ளை பகுதிப் பெண் ஒருத்தி சிரித்தாள்.

"இதென்ன, சாப்பாட்டுப் பெட்டி மாதிரிக் கிடக்கு? எங்கடை அண்ணாவின்ரை கலியாணத்துக்குத் தோளிலை வைக்கிற பெரிய கமராவெல்லோ கொண்டு வந்தவை."

"இதிலையும் நல்லா வரும்" என்றேன்.

"பாப்பம். எங்களைக் கறுப்பாக் காட்டிப்போட்டு வெயில் எண்டு சொல்லாதையுங்கோ."

மணப்பெண்ணின் தாயை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். கணவர் யுத்தத்தின் கடைசி மாதங்களில் காணாமல் போனவர். இறந்துவிட்டார் என்பதற்கு எந்த அடையாளமும் கிடைக்கவில்லை. ஆகவே தாய் குங்குமம் வைப்பதை நிறுத்தவில்லை. ஆனாலும் மணவறைக்கு அவரை ஏறவிடவில்லை. கன்னிகாதானம் செய்தது பெண்ணின் மாமாவும் மாமியும். தாய் ஒரு தூணோடு நின்றார். எல்லாம் முடிந்து மணமக்கள் காலில் விழுந்தபோது மட்டும்தான் படத்துக்குள் வந்தார். அந்தக் காட்சி பதினொரு விநாடி.

கூட்டம் பந்திக்குப் போனதும் அவர் என்னிடம் வந்தார்.

"தம்பி, நான் வந்திருக்கிறனோ?"

கமராவின் சின்னத் திரையில் போட்டுக் காட்டினேன். அங்கேதான் பிழை விட்டேன். இந்தக் கமரா நிறங்களை வெளிறலாகத்தான் பதியும். சாம்பலைப் பூசியது போல இருக்கும். நிறம் எல்லாம் உள்ளே இருக்கும், பிறகு கணினியில் வெளியே எடுக்க வேண்டும். திரையில் மட்டும் சரியான நிறத்தைக் காட்டுவதற்கு ஒரு வசதி இருக்கிறது. அதைப் போட மறந்துவிட்டேன்.

அவர் திரைக்குக் கிட்டக் குனிந்து பார்த்தார். மகளின் கூறைச் சேலை மண் நிறத்தில் இருந்தது.

"பொட்டு எங்கை?"

"இருக்கு அக்கா. நிறம் பிறகுதான் வரும்."

"வருமோ?"

"ஓம்."

"வடிவாத் தெரிய வேணும் தம்பி. மாப்பிள்ளை வீட்டுக்காரர் வந்து, அழிச்சுப்போட்டு நில்லுங்கோ எண்டு சொன்னவை. நான் அழிக்கேல்லை."

"ஓம் அக்கா" என்றேன்.

ஒரு கிழமை கழித்து அந்தப் படத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது கனடாவிலிருந்து அழைப்பு வந்தது. மாப்பிள்ளையின் சித்தப்பா. படம் பிடிக்க என்னை ஒழுங்கு செய்தவர் அவர்தான்.

"தம்பி, முகத்திலை பரு கிரு இருந்தா எடுத்து விடுவியள்தானே?"

"ஓம்."

"அப்ப அந்தத் தாய் மனுசியின்ரை பொட்டையும் ஒருக்கா எடுத்து விடுங்கோ. இஞ்சை எங்கடை ஆக்கள் எல்லாரும் பாக்கப் போகினம். மனுசன் போய் எவ்வளவு காலம். பிறகு அவையின்ரை கேள்விக்கு ஆர் மறுமொழி சொல்லுறது? ஏலும்தானே?"

ஏலாது என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு இந்த வேலை தெரியாது, நம்பியிருப்பார். அது அழைப்பை வைத்த பிறகுதான் என் நினைவுக்கு வந்தது. அதற்குள் "ஓம்" என்று சொல்லியாகிவிட்டது.

இரண்டு பேருக்கும் ஓம் சொன்னதால் இரண்டு படம் செய்தேன். ஒன்று தாய்க்கு, மற்றது மாப்பிள்ளை வீட்டுக்கு. தாயுடையதில் சிவப்பைக் கொஞ்சம் தூக்கி விட்டேன். குங்குமம் நன்றாகத் தெரிந்தது. மற்றதில் பொட்டைச் சுற்றி ஒரு சிறிய வட்டம் கீறி, அந்த வட்டத்துக்குள் சிவப்பை இறக்கி, பக்கத்துத் தோலின் நிறத்துக்குக் கொண்டு வந்தேன். முகம் அசையும்போது வட்டமும் கூடவே அசையும்படி செய்தேன். மகளைத் தூக்க அவர் குனியும் இடத்தில் வட்டம் விலகியது. அதைக் கையால் நகர்த்தித் திருத்தினேன். கடைசியில் ஒரு முறை ஓட்டிப் பார்த்தேன். நெற்றி வெறுமையாக இருந்தது. நல்ல வேலை. மனதில் ஒன்றும் இல்லை. கீழே போய் ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு வந்து அடுத்த காட்சியைத் தொடங்கினேன்.

இரண்டு பென் டிரைவ்களில் ஏற்றி இரண்டு வீட்டுக்கும் கொடுத்தேன். ஒரே கலியாணத்தின் இரண்டு படங்களும் ஒருநாள் சந்திக்கும் என்று நான் யோசிக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து, ஒரு மத்தியானம், அந்தத் தாய் படியேறி வந்தார். துணுக்காயில் மகள் வீட்டில் நின்றுவிட்டு நேரே வருகிறார் என்று சொன்னார். கதிரையைக் காட்டினேன். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

"அங்கை ரிவியிலை படத்தைப் போட்டவை. என்ரை நெத்தியிலை ஒண்டும் இல்லை. நீங்களோ அழிச்சது?"

"ஓம்."

"அவை கேட்டவையோ?"

"ஓம் அக்கா."

"எவ்வளவு நேரம் எடுத்தது?"

"அரை மணித்தியாலம் வரும்."

அவர் தலையை ஆட்டினார்.

"எத்தினை பேர் எத்தினை வருசமா அழி எண்டு சொல்லிச்சினம். அரை மணித்தியாலம்தானோ."

அவருடைய குரல் உயரவில்லை. ஏசியிருந்தால் எனக்கு ஏதாவது செய்யத் தெரிந்திருக்கும். அவர் நெற்றியில் குங்குமம் வியர்வையில் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது.

"அவைக்குக் குடுத்ததையும் மாத்தித் தாறன் அக்கா" என்றேன்.

"வேண்டாம். பிள்ளை அங்கை சீவிக்க வேணும்." கைப்பையிலிருந்து தன்னுடைய பென் டிரைவை எடுத்து மேசையில் வைத்தார். "இதிலையும் அதையே போட்டுத் தாங்கோ. சம்பந்தி வீட்டார் தைப்பொங்கலுக்கு வரப்போகினம். ரெண்டு விதமா இருந்தா பிள்ளையைத்தான் கேப்பினம்."

"அக்கா, உங்கடை பொட்டு..."

"அது என்ரை நெத்தியிலை இருக்குத்தானே. போடுங்கோ."

இந்த ஒரு தடவையாவது மாட்டேன் என்று சொல்லலாம் போல இருந்தது. ஆனால் கேட்பவர் அவர். பென் டிரைவைக் கணினியில் செருகி, இருந்ததை அழித்துவிட்டு மற்றதை ஏற்றினேன். இருபது நிமிடம் எடுத்தது. அவர் திரையின் பக்கம் பார்க்காமல் ஜன்னலால் வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதைத் திருப்பிக் கொடுத்தபோது, "பொட்டு இருக்கிற படம் என்னட்டை இருக்கு அக்கா. அழிக்க மாட்டன்" என்றேன். அன்று நான் மாட்டேன் என்று சொன்னது அந்த ஒரு தடவைதான்.

"வைச்சிருங்கோ தம்பி. அவர் வந்தா, வந்து வாங்குறன்."

படியில் மெதுவாக இறங்கிப் போனார்.

முடிந்த படங்களை மூன்று மாதத்தில் அழித்துவிடுவது என் வழக்கம். அந்தப் படத்துக்கு இது மூன்றாவது வருடம். கணினியில் இடம் முட்டும்போது மற்றக் கலியாணங்களை அழிக்கிறேன்.