காய் பிடிச்சுதா?

அவள் டாக்டர் பட்டம் வாங்கியபோது சொந்தக்காரர்கள் எல்லாரும் வாயார வாழ்த்தினார்கள். அதற்குப் பிறகும் அவள் பல்கலைக்கழகத்துக்கே போய்வந்துகொண்டிருந்ததுதான் ஒருவருக்கும் விளங்கவில்லை. "ஏம்மா, அரியர் ஏதாவது வெச்சிருக்கியா?" என்று சித்தி குரலைத் தாழ்த்திக் கேட்டே விட்டாள். பட்டத்துக்குப் பிறகும் ஆராய்ச்சி உண்டு, சம்பளமும் உண்டு, ஒப்பந்தம் முடிந்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று இவள் விளக்கினாள். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப நிரந்தரம் இல்லன்னு சொல்லு" என்றாள் சித்தி.

வறட்சியோ வெள்ளமோ ஓர் இடத்தைப் புரட்டிப் போட்டால் அங்கிருக்கும் பூச்சியும் பறவையும் செடியும் மறுபடி தலைதூக்குமா என்று கணினியில் கணக்குப் போட்டுப் பார்ப்பது அவள் வேலை. இப்போது அவள் கையில் இருந்தது ஒரு மலைச்சரிவு. கடும் வறட்சியில் தீய்ந்துபோய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. திரையில் அதன் கோடு சரசரவென்று இறங்கி, இறங்கிய இடத்திலேயே படுத்துக் கிடந்தது. எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தாலும் எழுந்திருக்கிற வழியைக் காணோம்.

வீட்டுக் கவலை வேறு. அவள் கணவர் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். ஊரில் பாதிப் பேர் அவர் முகத்தைப் பார்த்ததில்லை, ஆனால் அவர் குரலைக் கேட்டுத்தான் ரயில் ஏறினார்கள். தொண்டையில் புற்றுநோய் வந்து, குரல்வளையையே எடுக்க வேண்டியதாயிற்று. உயிர் தங்கியது, குரல் போயிற்று. நிலையத்தில் அவரைக் கால அட்டவணை போடும் அறைக்கு மாற்றினார்கள். அதைக்கூட அவர் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டார். அவரால் தாங்க முடியாமல் போனது வாலு விஷயம்தான்.

வாலு என்பது அவர்களுடைய நாலு வயசு மகள். பெயருக்கு ஏற்ற சேட்டை. அப்பா கதை சொன்னால்தான் கண்ணை மூடுவாள். அந்தக் கதைகளில் மழை பெய்யும், எறும்பு வரும், எல்லாரும் நடைமேடையில் காத்திருக்க, யானை மட்டும் எப்போதும் தாமதமாக வரும். அதற்கு மன்னிப்புக் கேட்டு அவர் ஓர் அறிவிப்புச் செய்தால் குழந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். குரல் போன பிறகு, கழுத்தில் வைத்துப் பேசும் கருவி ஒன்றைக் கொடுத்தார்கள். அதிலிருந்து வந்த கரகரப்பைக் கேட்டு வாலு அலறிப்போய் அம்மாவின் பின்னால் ஒளிந்தாள். அதிலிருந்து அப்பா பக்கம் போவதையே குறைத்துக்கொண்டாள். அவர் கருவியை மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டார். இவள் எடுத்து வெளியே வைப்பாள், அவர் மறுபடி உள்ளே போடுவார்.

அன்று காலையிலும் அதே கதைதான். கருவியை எடுத்து மேசைமேல் வைத்து, "இன்னிக்கு உங்களுக்கு லீவு, அவளும் வீட்லதான் இருப்பா. இதுல கொஞ்சம் பேசிப் பாருங்க, பழகினா சரியாயிடும்" என்றாள்.

அவர் போனில் தட்டிக் காட்டினார்: அவ பயப்படறா. விடு.

"விட்டா எப்படி? உங்க குரலே அவளுக்கு மறந்துடும்."

சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவரைச் சமாதானப்படுத்தக்கூடத் தெரியாமல் அவள் வேலைக்குக் கிளம்பினாள்.

ஆய்வகத்தில் அடுத்த இருக்கைக்காரிக்கு வண்டு என்று பெயர். அவளும் இவளைப் போல ஒப்பந்தக்காரிதான். மலைச்சரிவுக்குப் போய்ப் பூச்சிகளை எண்ணி வருபவள். அவள் திரையை எட்டிப் பார்த்தாள்.

"இன்னுமா தேறலன்னு சொல்லுது?"

"பழைய தேனீ வகையில பாதி திரும்பி வரவே இல்லையே. அப்புறம் எப்படித் தேறும்?"

"தேனீ வரல, சரி. புதர்ல காய் பிடிச்சுதான்னு பாத்தியா?"

"தேனீ இல்லாம யாரு வந்து பிடிக்க வெச்சா?"

"ஈ. குட்டிக் குட்டி ஈ. பாக்க ஒண்ணும் அழகா இருக்காது. ஆனா வேலை நடக்குது."

இவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வண்டு டீ குடிக்கப் போனதும், தான் எழுதிய நிரலை முதலிலிருந்து படித்தாள். ஒரு வரியில் கண் நின்றது. முன்பு இருந்த அதே உயிர்கள் அதே அளவில் வந்தால்தான் அந்த இடம் மீண்டதாகக் கணக்கு என்று அவளே எழுதியிருந்தாள். கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்த வாரத்தில் எழுதியது. எல்லாம் பழையபடியே வந்தாக வேண்டும் என்று அவள் பிடிவாதமாக வேண்டிக்கொண்டிருந்த நேரம் அது.

பழைய கணக்கை அழிக்காமல், பக்கத்தில் காய்ப்புக்கு ஒரு கணக்கைச் சேர்த்து ஓட்டினாள். புதுக் கோடு ஒன்று கீழே விழுந்து, தயங்கி, மெதுவாக ஏறத் தொடங்கியது. பழைய உயரத்தைத் தொடவில்லை. ஆனாலும் ஏறியது. அவள் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு மத்தியானமே வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். காலையில் சொன்னதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

கருவி மேசைமேல் வைத்த இடத்திலேயே இருந்தது. படுக்கையறையிலிருந்து வாலுவின் குரல் கேட்டது.

"மழை... மழை வருது... இப்போ எறும்பு."

எட்டிப் பார்த்தாள். குழந்தை குப்புறப் படுத்திருந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அதன் முதுகில் விரல் நுனிகளால் மழை பெய்துகொண்டிருந்தார். பிறகு ஒரே ஒரு விரல் தோள்வரை நடந்துபோய் நின்றது. முஷ்டியை மடக்கி மெல்லத் தட்டித் தட்டி ரயிலைக் கொண்டுவந்து நிறுத்தினார். வாலு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"என்ன நடக்குது இங்க?" என்று கேட்டாள் இவள்.

வாலு தலையைக்கூடத் திருப்பவில்லை. "அம்மா, பேசாத. அப்பா கதை சொல்லிட்டிருக்காரு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் உள்ளே வந்து, கட்டிலை ஒட்டித் தரையில், அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அப்புறம் அவள் முதுகிலும் மழை பெய்தது. எறும்பு ஊர்ந்து வந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

யானை வழக்கம்போலத் தாமதமாகத்தான் வந்தது.