புக்கெகோஹியில் அம்மாவுக்குக் கிடைத்த சீர்

ஏப்ரல் மாதம், சனிக்கிழமை பிற்பகல். நானும் அம்மாவும் மலேசியாவிலிருந்து ஆக்லாந்துக்கு வந்த மூன்றாம் நாள். மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு சீன மளிகைக் கடை. அம்மா கையிலிருந்த கீரைக்கட்டைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். "சென், சான், டான், சின், டிரான். எப்படி எழுதினாலும் ஒரே குடும்பம். ஞாயிறு பகல் விருந்து, புக்கெகோஹி. முன்னோருக்கு ஊதுபத்தி ஏற்றலாம்."

அம்மாவின் பெயர் லெட்சுமி. முகம் சீன முகம், நெற்றியில் பொட்டு, பேச்செல்லாம் தமிழ். மலேசியாவில், தைப்பிங்கில், டான் என்ற வீட்டில் பிறந்து, கைக்குழந்தையாகவே அடுத்த தெருத் தமிழ்க் குடும்பத்துக்குக் கொடுக்கப்பட்டவர். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் அப்படிச் சீன வீட்டிலிருந்து தமிழ் வீட்டுக்கு வந்த பெண் பிள்ளைகள் நிறைய. டான் வீட்டார் பிறகு ஊரை விட்டே போய்விட்டார்கள்.

"நாளைக்குப் போலாமா லா?" என்று எங்களூர் இழுவையோடு கேட்டார். கேட்ட வாய் மூடுவதற்குள், "வேணாம். கொடுத்துட்ட பிள்ளைய யாரு சேர்ப்பா" என்றார்.

அறுபத்தெட்டு வயதில் இன்னொரு முறை தன்னை வேண்டாமென்று சொல்லிவிடுவார்களோ என்று அவருக்குப் பயம். எனக்கும்தான். ஆனால் அன்றிரவே வாடகைக் கார் சொல்லிவிட்டேன்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு, நாங்கள் தங்கியிருந்த சான்ட்ரிங்ஹாமிலிருந்து புறப்பட்டோம். ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். போக, வர, காத்திருக்க இருநூறு டாலர். ஓட்டுநர் சிவநேசன் யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணாடியில் அம்மாவை இரண்டு முறை பார்த்துவிட்டு, "அம்மா நல்ல வடிவாத் தமிழ் கதைக்கிறா. எங்க படிச்சவ?" என்றார்.

"எங்க வூட்லதான் தம்பி" என்றார் அம்மா.

நான் பள்ளி ஆசிரியை. வாய் சும்மா இருக்காது. வழியெல்லாம் வகுப்பெடுத்தேன். பழைய சீனத்தில் சென் என்றொரு சிறிய நாடு இருந்தது. அது அழிந்ததும் அங்கிருந்தவர்கள் நாட்டின் பெயரையே குடும்பப் பெயராக வைத்துக்கொண்டார்கள். தெற்கே பரவியபோது கான்டனீஸ் வாயில் அது சான், ஹொக்கியன் வாயில் டான், ஹக்கா வாயில் சின், வியட்நாமில் டிரான். கடல் தாண்டிய இடங்களில் குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டார்கள். சீனத்தில் எழுதினால் எல்லாம் ஒரே எழுத்துத்தான்.

"எங்களுக்குக் குடும்பப் பேரே இல்லை" என்றார் சிவநேசன். "ஃபோர்மில அப்பான்ர பேரைப் போட்டன். இப்ப வேலையிடத்தில எல்லாரும் அப்பாவைத்தான் கூப்பிடுறாங்கள்."

பத்து மணிக்குப் புக்கெகோஹி. செம்மண் தோட்டங்கள், காற்றில் வெங்காய வாசனை. மண்டப வாசலில் ஓர் இளம்பெண் சட்டையில் வில்லை ஒட்டிக்கொண்டிருந்தாள். குடும்பத்தாருக்குச் சிவப்பு, விருந்தினருக்குப் பச்சை. அம்மாவின் சேலையைப் பார்த்தாள், பெயரைக் கேட்டாள், சிரித்தபடி பச்சையை ஒட்டினாள். அம்மா "தேங்க்யூ" என்று சொல்லிவிட்டுக் கடைசி மேசையில் போய் உட்கார்ந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்தேன். அம்மா கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"விடு லா. சாப்பிட்டுப் போயிடலாம்."

அப்போதுதான் ஹெர்பர்ட் சான் தேநீர் ஊற்ற வந்தார். ஐம்பது வயது வெங்காய விவசாயி. நான்கு தலைமுறையாக இங்கேதான். நாங்கள் யாருடைய நண்பர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். யாருடைய நண்பர்களும் இல்லை, அம்மா டான் என்றேன்.

"டான் வீட்டில் கல்யாணம் செய்தவரா, பிறந்தவரா?"

"பிறந்தவர். குழந்தையிலேயே தமிழ் வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள்."

அவர் தேநீர்ப் பாத்திரத்தைக் கீழே வைத்தார். "கொடுத்தால் என்ன? பிறந்தது பிறந்ததுதானே" என்றார். பச்சை வில்லையைப் பிய்த்துப் போட்டுவிட்டுத் தன் சிவப்பு வில்லையை அம்மாவின் தோளில் ஒட்டினார். பிறகு மண்டபம் முழுக்கக் கேட்கும்படி, "ஆ கூ வந்திருக்கிறார்" என்றார். ஆ கூ என்றால் அப்பாவின் சகோதரி, அந்த வீட்டில் பிறந்த பெண். மருமகளாக வந்தவர்களுக்கு வேறு சொல். நம் அத்தையேதான்.

அம்மா அழுதார். நானும் அழுதேன், மறைக்கவில்லை.

கூடியிருந்த ஆ கூக்களில் அம்மாவே மூத்தவர் என்று தெரிந்ததும், முற்றத்துப் படையல் மேசைக்கு அவரையே முதலில் அனுப்பினார்கள். மூன்று ஊதுபத்தியைக் கொடுத்தார்கள். அவற்றைப் பிடித்தபடி மூன்று முறை வணங்கினால் போதும். அம்மா வணங்கினார். பிறகு கை தானாக எங்கள் வீட்டுச் சாமியறைப் பழக்கத்துக்குப் போய்விட்டது. ஊதுபத்தியை வலமாக மூன்று சுற்று சுற்றினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுத்து வந்த ஹெர்பர்ட் ஒரு கணம் யோசித்தார். மூத்த ஆ கூவுக்குப் பழைய முறை தெரிந்திருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, அவரும் மூன்று சுற்று சுற்றினார். அவருக்குப் பின்னால் நின்ற சென், சின், டிரான் எல்லாரும் சுற்றினார்கள். நான் வாயே திறக்கவில்லை.

மூன்று மணிக்குக் கிளம்பினோம். ஹெர்பர்ட் இரண்டு மூட்டை வெங்காயம், ஒரு மூட்டை உருளைக்கிழங்கு, நான்கு முட்டைக்கோஸ் கொண்டுவந்து வண்டியில் ஏற்றினார். விமானத்தில் கொண்டுபோக முடியாது என்று சொல்லிப் பார்த்தேன். "ஆ கூவை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது" என்றார். அறைக்குப் போனதும் சான்ட்ரிங்ஹாம் தெரு முழுவதும் பங்கு வைக்க வேண்டியதுதான்.

எங்களூரில் அம்மாவுக்குச் சீருக்குக் குறைவே இருந்ததில்லை. வளர்த்த தமிழ் வீட்டிலிருந்து தீபாவளிக்குத் தீபாவளி சேலை வந்துவிடும். ஆனால் அதை வாங்கும்போது இவ்வளவு நிமிர்ந்து நின்று நான் பார்த்ததில்லை.

பின்கதவு மூட மாட்டேன் என்றது. சிவநேசன் முதுகைக் கொடுத்துத் தள்ளியபடி, "சந்தைக்கே போட்டு வாறியள்?" என்று கேட்டார்.

"இல்ல தம்பி" என்றார் அம்மா, தோளிலிருந்த சிவப்பு வில்லையை அழுத்திவிட்டுக்கொண்டு. "பொறந்த வூட்டுச் சீரு. எனக்கு ரெண்டு வூடு."