ஆறு நாள் வெள்ளெலி

என் அலமாரியின் மேல்தட்டில் ஒரு மரப்பொறி இருக்கிறது. எலி நுழைந்தால் தகரக் கதவு சட்டென்று விழும், எலிக்கு அடிபடாது. பக்கப்பலகையில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு நீலக் கறை. பேரப்பிள்ளைகள் மை கொட்டிவிட்டது என்று நினைக்கிறார்கள். கொட்டியது என் மானம்.

ஐம்பதுகளில் நான் ஒரு கல்லூரி விலங்கியல் கூடத்தில் அட்டெண்டர். எட்டாவதோடு நின்றவன், ஜாடிகளில் ஒட்டியிருந்த சீட்டுகளைப் படித்துப் படித்தே மிச்சத்தைத் தேற்றிக்கொண்டேன். அங்கே விரிவுரையாளராக இருந்தவரை நான் அம்மா என்றுதான் கூப்பிடுவேன்; மணலில் வளை தோண்டி வாழும் வெள்ளெலி என்றால் அவருக்கு உயிர். எண்ணூர் சவுக்குத் தோப்பில் அவை எத்தனை இருக்கின்றன என்று பார்த்து ஆசிரியர் கூட்டத்தில் பேசப்போவதாகச் சொன்னார். "எலி பிடிக்கவா எம்.எஸ்ஸி. படிச்சீங்க?" என்று ஓர் ஆசிரியர் சிரித்தார். "பிடிச்சுட்டு வந்து சொல்றேன் சார்" என்று அம்மாவும் சிரித்தார். ஆனால் அன்றைக்கு அவருடைய டீ குடிக்காமலே ஆறிப்போனதை நான் பார்த்தேன்.

எண்ணூரில் அவருடைய சிநேகிதி வீட்டில் நாலு மாணவிகளோடு தங்கினோம். அந்தியில் பொறி வைப்பது, காலையில் திறப்பது. அகப்பட்டதை அளந்து, எடை போட்டு, முதுகில் சாயம் தொட்டு விடவேண்டும். சாயத்தோடு திரும்பி வந்தால் பழைய எலி, இல்லாவிட்டால் புதுசு. அந்தச் சாயப் புட்டியைத்தான் நான் கல்லூரியிலேயே மறந்துவிட்டு வந்திருந்தேன். சொல்லக் கூச்சப்பட்டு, கடையில் வேட்டிக்குப் போடுகிற நீலம் வாங்கிக் கரைத்துவிட்டேன். முதல் எலிக்குத் தொடும்போதே அது துள்ளியதில் பொறிமேலும் சிந்தியது.

முதல் நாள் ஒன்று. மறுநாளும் ஒன்று, முதுகில் கறையில்லாமல். ஐந்து நாளில் ஐந்து. நாளுக்கு நாள் எடையும் கூடியது. "இந்தப் பக்கம் நல்ல ஊட்டம்" என்று அம்மா பூரித்துப்போனார். பொறியில் வைக்க நான் தினமும் வடை வாங்கிய ஸ்டேஷன் வாசல் வடைக்காரம்மா மட்டும் பூரிக்கவில்லை. "இன்னா நைனா, அஞ்சு எலியா? ஒரே பேமானி தெனிக்கும் வந்து என் வடையத் துன்னுகினு கீறான், நீ வேற!"

விளையாட்டுக்குச் சொன்னதுதான். எனக்கு வடை கையில் கனத்தது. ஆறாம் நாள் எலியை விட்டதும் பின்னாலேயே போனேன். அது குஞ்சம் வைத்த வாலைத் தூக்கிக்கொண்டு பத்தடி ஓடி, மணலில் மல்லாந்து இரண்டு புரள் புரண்டது. எழுந்தபோது முதுகில் நீலம் இல்லை, புத்தம்புது எலி.

வாயை மூடிக்கொண்டால் அம்மாவுக்கு ஆறு எலி, எனக்குத் திட்டு இல்லை. ஆனால் "தெரியாததைத் தெரியாதுன்னு எழுதினாத்தான் நோட்டு அழகா இருக்கும்" என்று அவர் மாணவிகளிடம் சொல்வது காதில் ஓடிக்கொண்டே இருந்தது. திரும்பும் ரயிலில், திருவொற்றியூரில், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "நமக்கு வந்தது ஒரே எலிம்மா. நான் போட்டதும் சாயமில்ல."

தண்டையார்பேட்டை வந்ததும் அவர் நோட்டைத் திறந்தார். "எப்படிப் புரண்டுச்சு? பண்ணிக் காட்டுங்க." ரயில் பெஞ்சில் மல்லாந்து புரண்டு காட்டினேன். மாணவிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள், அம்மா எழுதிக்கொண்டிருந்தார். ராயபுரம் வந்ததுகூட எங்களுக்குத் தெரியவில்லை.

கூட்டத்தில், "ஆறு நாள், ஒரே எலி. அது மணலில் குளிப்பதைப் பார்த்தவர் இவர்" என்று வாசலில் நின்ற என்னைக் கைகாட்டினார். அன்றைக்குச் சிரித்த ஆசிரியர்தான் முதலில் எழுந்தார். "எப்படிக் குளிக்கும்? கொஞ்சம் சொல்லுங்களேன்."

தோப்பு இருந்த இடத்தில் இன்று கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கின்றன. ஓய்வு பெற்ற அன்று, கழித்துப்போட்ட சாமான்களிலிருந்து இந்தப் பொறியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். எலி இரண்டே புரளில் உதறிவிட்டுப் போன நீலம், இந்தப் பலகையில் மட்டும் போகவே இல்லை. நானும் துடைத்துப் பார்க்கவில்லை.