பழைய பிரௌசரை மூடாதே

அவள் ஓர் அச்சகத்துக்குப் பிழை திருத்துபவள். வேலை வீட்டிலிருந்துதான், கணவர் விட்டுப்போன மேக் மடிக்கணினியில். அவர் போன நாளிலிருந்து அதை அவள் அணைத்ததே இல்லை. மூடியைச் சாய்ப்பதோடு சரி. சார்ஜர் கழன்றுவிடக் கூடாதென்று பிளக்கைச் சுவரோடு சேர்த்துப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தாள். விளக்கு ஒருமுறை மங்கினாலும் ஓடிப்போய்ப் பிளக்கை அழுத்திப் பார்ப்பாள்.

அன்று அச்சகம் புதிய இணையதளத்துக்கு மாறியது. திருத்த வேண்டிய புரூஃபெல்லாம் இனி அதில்தான். அவள் போய்ப் பார்த்தால், உங்கள் பிரௌசர் மிகப் பழையது என்று சொல்லிக் கதவடைத்துவிட்டது. மேக்கும் கிழடு, அந்தப் பிரௌசரை இதற்குமேல் புதுப்பிக்க வழியில்லை. மாலைக்குள் முதல் அத்தியாயம் போகாவிட்டால் புத்தகம் வேறு கைக்குப் போய்விடும்.

அடுத்த தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் நாத்தனாரைக் கூப்பிட்டாள். நாத்தனார் சாப்பாட்டு இடைவேளையில் வந்தாள்.

"வேற பிரௌசர் ஒண்ணு போட்டா முடிஞ்சுது. இதுக்கா அண்ணி போன்ல குரல் அப்படி நடுங்குச்சு?"

"பழசு என்ன ஆகும்?"

"அது பாட்டுக்கு இருக்கும். ஓரகத்திங்க மாதிரி ரெண்டும் ஒரே வீட்டுல."

"அப்போ சண்டை நிச்சயம்."

புதியது இறங்கியது. பழையதில் உள்ளதை எடுத்து வரட்டுமா என்று கேட்டது. அவள் நாத்தனாரின் கையைத் தட்டிவிட்டாள்.

"நகல்தான் எடுக்கும் அண்ணி. பேத்துக்கிட்டா போயிடும்?"

"வேணாம்னா விடேன்."

புரூஃப் திறந்தது. அவள் மூச்சுவிடுவதற்குள் மேக் இரைக்கத் தொடங்கியது. திரையில் வண்ணச் சக்கரம் சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது.

"ரெண்டையும் தாங்கலை. பழசை மூடிடறேன்."

அவள் நாத்தனாரின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"அது உங்க அண்ணன் திறந்து வச்சது."

நாத்தனார் அப்போதுதான் அந்தப் பக்கங்களைப் பார்த்தாள். ஏதோ ஒரு மலையூரின் வானிலை. ஒழுகும் குழாயைச் சரிசெய்யும் வீடியோ. அதன் கீழே கருத்துப் பெட்டியில் அனுப்பாத ஒரு வரி: 'எங்கள் வீட்டிலும் இதேதான், நான் முதலில் வாஷரை மாற்றிப் பார்த்தேன், அப்புறம்'. அதன் முனையில் ஒரு கோடு மினுக்கிக்கொண்டிருந்தது, தண்ணீர் குடிக்க எழுந்து போனவர் இதோ வந்துவிடுவார் என்பதுபோல.

"மூடினா இந்த வரி போயிடும்," என்றாள் அவள்.

நாத்தனார் கையை எடுத்துக்கொண்டாள். பிறகு, "உயிரோட இருந்தப்ப மட்டும் எதை முழுசாச் சொல்லி முடிச்சான்," என்றாள். இருவருக்கும் சிரிப்பு வந்தது. நாத்தனார் மூக்கை உறிஞ்சினாள். "போட்டோ எடுத்துக்கலாமா அண்ணி?"

"போட்டோவுல கோடு மினுக்காது."

மேக் இரைத்துக்கொண்டே இருந்தது. புரூஃப் பாதிப் பக்கத்தில் உறைந்து நின்றது.

"படி," என்றாள் அவள். புரூஃப் பார்க்கும்போது கணவர்தான் மூலத்தை வாய்விட்டுப் படிப்பார், காற்புள்ளி முதற்கொண்டு. அவள் கண்ணால் தொடர்வாள். நாத்தனாருக்கு அது தெரியும். மெல்லப் படித்தாள்.

"எங்கள் வீட்டிலும் இதேதான் காற்புள்ளி நான் முதலில் வாஷரை மாற்றிப் பார்த்தேன் காற்புள்ளி அப்புறம்."

"சரியா இருக்கு," என்று அவளே பழையதை மூடினாள். இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது. அவள் கை மட்டும் விசைப்பலகையை விட்டு எழவில்லை.

"இப்ப இந்தப் புரூஃபோட முதல் பக்கத்தைப் படி."

"எனக்குக் கடை இருக்கு அண்ணி."

"ஒரே ஒரு பக்கம்."

நாத்தனார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.