விடுதலை பெற்ற கடை

லினக்ஸ் என்று யாராவது பேசினாலே எனக்கு ஒரு பெரியவரின் கட்டைவிரல்தான் ஞாபகத்துக்கு வரும்.

பந்தல்குடியில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் கொழுந்தன் கதிர் தன் லினக்ஸ் குரூப் நண்பர்களோடு கடைக்கு வந்தான்.

"மதினி, இனிமே உங்க சிஸ்டம் எந்தக் கம்பெனிக்கும் அடிமையில்ல" என்றவன், விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸைப் போட்டான். பழைய சிஸ்டம் முன்னைவிட வேகமாகத்தான் ஓடியது. என்னைப் பக்கத்தில் நிறுத்திப் படமும் எடுத்தார்கள்.

மறுநாள், விவசாயிகள் உதவித்தொகைக்குக் கைரேகை வைக்கக் கடைசி நாள். ரோடு வரைக்கும் கூட்டம். லினக்ஸில் ரேகை மெஷின் வேலையே செய்யவில்லை. கதிருக்குப் போன் போட்டேன்.

"மெஷின் கம்பெனிக்காரன் லினக்ஸுக்கு டிரைவர் சாஃப்ட்வேர் குடுக்கல மதினி. தப்பு அவன் மேலதான். இருங்க, குரூப்ல கேக்குறேன்."

அந்த வாட்ஸ்அப் குரூப்பில் என்னையும் சேர்த்திருந்தான். லினக்ஸிலேயே பல வகையாம்; எதைப் போட்டிருக்க வேண்டும் என்று அங்கே சண்டை நடந்தது. அது ராம், பிராசஸர் என்று சுற்றி, புதுப் போன் எதை வாங்கலாம் என்பதில் போய் நின்றது.

வரிசையில் முதலில் நின்ற பெரியவர் கட்டைவிரலை வேட்டியில் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தார்.

"மம்பட்டி பிடிச்சு என் ரேகை தேஞ்சுபோச்சா தாயி?"

"உங்க மேல தப்பில்லைங்கய்யா" என்றேன். எல்லோரும் எதிரிலிருந்த இன்னொரு சென்டருக்குப் போனார்கள். பாதிப் பேர் இன்னும் அங்கேதான் போகிறார்கள்.

நான் விண்டோஸுக்கே திரும்பிவிட்டேன். 'விடுதலை பெற்ற கடை' என்று அன்று அவர்கள் போட்ட என் படம் மட்டும் குரூப்பில் அப்படியே இருக்கிறது. இன்றும் யாராவது அதற்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போகிறார்கள்.